எம்.டி.எஃப். பட்டைக்கு ஆணி அடிப்பது எப்படி: ஸ்கர்ட்டிங், ஆர்கிட்ரேவ், பீடிங் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஸ்கர்ட்டிங் பட்டை சுவரை விட்டு விலகி நடுவில் ஒரு நூல் இடைவெளி தெரிந்தால், பெரும்பாலானவர்கள் அதே இடத்தில் இன்னும் இரண்டு ஆணி அடிப்பார்கள். ஒரு மாதம் நிற்கும், மறுபடி விலகும். ஆணியின் எண்ணிக்கையைவிட அது பின்னால் எதில் போய் இறங்குகிறது, நடுவில் பசை இருக்கிறதா என்ற இரண்டும்தான் இந்த வேலையில் கணக்கு. பசை காயும்வரை பட்டையை அசையாமல் பிடித்து வைப்பதற்கே ஆணி. அப்படி நினைத்து வேலை செய்தால் ஆணி குறையும், பலகை உடைவதும் குறையும், பட்டி பூசும் இடங்களும் குறையும்.

தரையோரத்து ஸ்கர்ட்டிங், கதவு நிலையைச் சுற்றி வரும் ஆர்கிட்ரேவ், சுவரில் சட்டம் சட்டமாக ஒட்டும் மோல்டிங், அலமாரி விளிம்பை மறைக்கும் பீடிங் எல்லாவற்றையும் இங்கே பட்டை என்றே சொல்கிறோம்.

பலகையின் குணம்

மரத்தை நாராக அரைத்து, பிசின் கலந்து, சூட்டில் அழுத்திச் செய்வது எம்.டி.எஃப். ஒரு கன மீட்டர் சுமார் 700 முதல் 800 கிலோ எடை இருக்கும். இரண்டு முகங்களும் கெட்டியாக இருக்கும், நடுப்பகுதி கொஞ்சம் தளர்வாக இருக்கும். தேக்கிலோ வேம்பிலோ இருப்பதுபோல ரேகை ஓட்டம் இதில் கிடையாது.

ஆணி விஷயத்தில் இதன் விளைவுகள் மூன்று. மரத்தில் ஆணி இறங்கும்போது நார் விலகி வழிவிடும். எம்.டி.எஃப்.பில் நாருக்கு விலக இடமில்லை, அது மேல்நோக்கித் தள்ளப்பட்டு ஆணியைச் சுற்றிச் சின்ன மேடாக எழும்பும். பெயிண்ட் அடித்தபின் பக்கவாட்டு வெளிச்சத்தில் பருப்பருவாகத் தெரிவது இந்த மேடுதான். அடுத்தது விளிம்பு. பலகையின் குறுக்குப் பக்கத்தில் நேராக ஆணி அடித்தால் நடு அடுக்கு பிளந்து பலகை இரண்டு தோலாகப் பிரியும். கடைசியாக ஈரம். வெட்டிய விளிம்பு தண்ணீரை உறிஞ்சி உப்பும், காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது.

கடையில் 8க்கு 4 அடி பலகையாக 5.5, 7.5, 9, 12, 18 மி.மீ. கனங்களில் கிடைக்கும். இந்தியத் தர எண் ஐ.எஸ். 12406 அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'இண்டீரியர்', 'எக்ஸ்டீரியர்' என்று இரண்டு ரகம் உண்டு. சமையலறை, பால்கனி பக்கத்து அறை போன்றவற்றுக்கு எக்ஸ்டீரியர் ரகமோ ஈரம் தாங்கும் ஹெச்.டி.ஹெச்.எம்.ஆர். பலகையோ வாங்குங்கள். குளியலறை நிலைக்கும், தினமும் வாளி வாளியாக ஊற்றிக் கழுவும் தரைக்கும் இரண்டுமே வேண்டாம், அங்கே பி.வி.சி. பட்டையோ, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பட்டையோதான் சரி. ஓதம் ஏறும் தரைத்தளச் சுவரிலும் எம்.டி.எஃப். வைக்காதீர்கள். ஈரத்தோடு கரையானும் சேர்ந்து வரும்.

பின்னால் இருப்பது என்ன

இணையத்தில் கிடைக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்க வீடுகளில் எடுத்தவை. அங்கே ஜிப்சம் பலகைக்குப் பின்னால் மரச்சட்டம் நிற்கும். நெயில் கன்னால் 2 இன்ச் ஆணியைச் சுட்டால் அந்தச் சட்டத்தில் போய் உட்காரும். நம் ஊர்ச் சுவர் செங்கல்லோ சிமென்ட் பிளாக்கோ. அதன்மேல் 12 முதல் 15 மி.மீ. சிமென்ட் பூச்சு, அதற்கும் மேல் ஒன்றிரண்டு மி.மீ. வெள்ளைப் பட்டி, கடைசியில் பெயிண்ட். மெல்லிய ஆணி இங்கே வளையும், அல்லது பூச்சைப் பொடித்துக்கொண்டு தளர்வாக நிற்கும். ஆகவே வேலையைத் தொடங்கும் முன் பட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இடம் இடமாகப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பின்னால் மரமோ ப்ளைவுட்டோ இருந்தால் தச்சர்கள் மரம் ஒட்டும் வெள்ளைப் பசையும் ஆணியும் போதும். கதவு நிலை, அலமாரி, ஜிப்சம் தடுப்புக்குள் வைத்த மரச்சட்டம் எல்லாம் இந்த வகை. பின்னால் பூசிய சுவர் என்றால் சுவர்த் துளைக்குள் சொருகும் ராவல் பிளக், அதில் முடுக்கும் ஸ்க்ரூ, கூடவே டியூபில் வரும் கெட்டியான கன்ஸ்ட்ரக்ஷன் பசை. உயரமான பேனல் வேலை என்றால் முதலில் சுவரில் மர ரீப்பரை, அதாவது மெல்லிய மரச்சட்டத்தை, ஸ்க்ரூ போட்டு நிறுத்திவிட்டு, அதன்மேல் பட்டையை ஆணியால் அடிக்கலாம்.

ஸ்கர்ட்டிங்குக்கு ரீப்பர் முறையை நாங்கள் சொல்லமாட்டோம். 12 மி.மீ. ரீப்பரும் 12 மி.மீ. பட்டையும் சேர்ந்தால் சுவரிலிருந்து 24 மி.மீ. முன்னால் வந்துவிடும். கதவோரத்து ஆர்கிட்ரேவ் 12 அல்லது 18 மி.மீ. தான் இருக்கும். ஸ்கர்ட்டிங் அதைத் தாண்டி மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும், அதைச் சரிசெய்ய அழகான வழி எதுவும் கிடையாது.

எந்த ஆணி, என்ன நீளம்

கையால் அடிப்பதற்கு ஹார்டுவேர் கடையில் 'ஹெட்லெஸ் ஆணி' என்று கேளுங்கள். எடை போட்டுத் தருவார்கள். சுமார் ஒன்றரை மி.மீ. கனத்தில் 1, 1¼, 1½ இன்ச் நீளங்கள் வாங்கி வைத்தால் வீட்டு வேலைக்குப் போதும். தலை பெரிய ஆணி இந்த வேலைக்கு ஆகாது. தலை இறங்கும்போது முகத்தைக் கிழித்துக்கொண்டு போகும்.

நெயில் கன் வைத்திருப்பவர்களுக்கு எஃப் வகை ஆணி. இது 18 கேஜ், சுமார் 1.2 மி.மீ. கனம். எஃப்-30 கன் 30 மி.மீ. வரையும், எஃப்-50 கன் 50 மி.மீ. வரையும் சுடும். பட்டை வேலைக்கு எஃப்-50தான் பயன். 12 மி.மீ. பட்டைக்கே 30 மி.மீ. ஆணி தேவைப்படும் என்பதால் எஃப்-30 எப்போதும் எல்லையிலேயே நிற்கும். 23 கேஜ் பின் ஆணி சுமார் 0.6 மி.மீ.தான். அடித்த இடமே தெரியாது, பிடிமானமும் அப்படித்தான். மெல்லிய பீடிங்கைப் பசை காயும்வரை நிறுத்த மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

எஸ்.டி. வகை கான்கிரீட் ஆணியைப் பட்டை வழியாகச் சுவரில் சுடுவோரும் உண்டு. கான்கிரீட் தூண் என்றால் நிற்கும். செங்கல் சுவரில் பூச்சு விரிசல் விடும், பட்டையின் முகத்திலும் தலை பெரிய குழி போடும். வேலை வேகமாக முடியும் என்பதைத் தவிர அதில் நல்லது எதுவும் இல்லை.

நீளத்துக்கு ஒரு சுலபமான கணக்கு: பட்டையைத் தாண்டி, பின்னாலுள்ள மரத்துக்குள் குறைந்தது 18 முதல் 25 மி.மீ. இறங்க வேண்டும். 9 மி.மீ. பட்டைக்கு 30 மி.மீ. ஆணி, 12 மி.மீ. பட்டைக்கு 30 முதல் 38, 18 மி.மீ. பட்டைக்கு 40 முதல் 50. இதைவிட நீளமாகப் போனால் ஆணி வளைந்து பக்கவாட்டில் எட்டிப்பார்க்கும் வாய்ப்புதான் கூடும்.

அறைக்கு என்ன வேண்டும்

12க்கு 10 அடி அறை, ஒரு வாசல் 3 அடி என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 44 அடி, வாசலைக் கழித்தால் 41. வெட்டில் பத்து சதவீதம் போகும், எனவே 45 அடி. 8 அடிப் பட்டையாக வாங்கினால் ஆறு. பலகை வாங்கிக் கடையிலேயே 100 மி.மீ. அகலத்தில் கிழித்து வாங்கினால், ரம்பத்துக்குப் போகும் 3 மி.மீ. கழிந்து ஒரு 8க்கு 4 பலகையில் 11 பட்டை வரும், அதாவது 88 அடி. அதே அளவுள்ள அடுத்த அறையின் பெரும்பகுதியும் அதிலேயே முடிந்துவிடும்.

கன்ஸ்ட்ரக்ஷன் பசை 300 மில்லி டியூப் ஒன்று, 6 மி.மீ. கனக் கோடாகப் போட்டால் சுமார் பத்தரை மீட்டர் வரும். 41 அடி என்பது பன்னிரண்டரை மீட்டர். எனவே இரண்டு டியூப். ஒன்றரை அடிக்கு ஒரு ஸ்க்ரூ என்றால் 28, ஒவ்வொரு பட்டையின் முனைக்கும் சேர்த்து 40 ஸ்க்ரூவும் 40 ராவல் பிளக்கும் வாங்குங்கள்.

ஸ்க்ரூ 8 நம்பர், 2 இன்ச், துத்தநாகப் பூச்சு உள்ளது. ஜிப்சம் வேலைக்கு விற்கும் கறுப்பு ஸ்க்ரூவைத்தான் பலரும் எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள். தரை துடைக்கும் ஈரத்தில் அது துருப்பிடித்துப் பட்டி வழியாகப் பழுப்புப் புள்ளியாக வெளியே வரும். மேலும் அது சட்டென்று முறியும் ரகம்.

கருவிகளில் டிரில், 6 மி.மீ. சுவர் பிட், 4.5 மி.மீ. மற்றும் 1.2 மி.மீ. பிட், ஸ்க்ரூ தலை உட்காரக் குழி போடும் கவுண்டர்சிங்க் பிட், 250 கிராம் அளவுள்ள சின்னச் சுத்தியல், ஆணித் தலையை உள்ளே இறக்கும் நெயில் பஞ்ச், ரசமட்டம், மூலைமட்டம், கூர்மையான உளி, குறடு இவை இருந்தால் போதும். ரம்பத்துக்கு டி.சி.டி. (கார்பைடு முனை) பல் வைத்த பிளேடு வேண்டும். பலகையிலுள்ள பிசின் சாதாரண எஃகுப் பல்லைச் சீக்கிரம் மழுங்கடித்துவிடும்.

எம்.டி.எஃப். தூள் மாவைவிட நைசானது, அதில் ஃபார்மால்டிஹைடு பிசினும் கலந்திருக்கிறது. வெட்டுவதையும் தேய்ப்பதையும் மொட்டை மாடியிலோ பால்கனியிலோ வைத்துக்கொள்ளுங்கள். என்95 முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் ரம்பத்தைத் தொடாதீர்கள். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொள்வது எதையும் தடுக்காது.

ஸ்கர்ட்டிங்: சுவரில் பொருத்துவது

1. பட்டைகளை அறைக்குள் தரையில் படுக்கையாக, நடுவில் சின்னக் கட்டைகள் கொடுத்து இரண்டு மூன்று நாள் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடையிலிருந்து ஈரத்தோடு வரும் பட்டையை உடனே ஏ.சி. அறையில் அடித்தால், அது சுருங்கி மூலைகள் வாய் திறக்கும்.

2. முதுகுப்புறத்துக்கும் கீழ் விளிம்புக்கும் ஆயில் பிரைமர் ஒரு கோட் அடியுங்கள், வெட்டிய விளிம்புக்கு இரண்டு கோட். பசை படும் இடமாக நடுவில் ஒரு கோடு மட்டும் விட்டுவிடலாம். இதைத் தவிர்ப்பவர்களின் பட்டைதான் ஓராண்டில் கீழே உப்பிக்கொண்டு நிற்கிறது.

3. சுவரில் பட்டை உட்காரும் உயரத்துக்கு நூல் அடியுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு அடி இடைவெளியில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டையும் வெள்ளைப் பட்டியையும் சிமென்ட் தெரியும்வரை சுரண்டுங்கள். பசை எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், அது ஒட்டுவது மேல் அடுக்கில்தான். பட்டி உரிந்தால் பசையும் பட்டையும் சேர்ந்தே வரும். விலகி நிற்கும் ஸ்கர்ட்டிங்கைப் பிடுங்கிப் பார்த்தால் பசையின் மேல் வெள்ளையாகச் சுவர்ப் பட்டி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

4. சுவிட்ச் பாக்ஸ்களுக்கு நேர் கீழே பென்சிலால் ஒரு அகலமான பகுதியைக் கோடிட்டு, அதற்குள் துளையிட வேண்டாம் என்று குறித்துவிடுங்கள். ஒயர் பைப் பெரும்பாலும் அந்தச் செங்குத்துக் கோட்டில்தான் ஓடும். தரையோரம் பிளக் பாயிண்டுகள் இருந்தால் அவற்றுக்கு இடையிலும் பைப் ஓடியிருக்கலாம். துளையிடும்போது மின்பலகையில் அந்தப் பகுதிக்குரிய எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டு, வேறு அறையிலிருந்து மின்சாரம் எடுங்கள்.

5. பட்டையை அளந்து வெட்டுங்கள். வெட்டியதைப் பசையில்லாமல் வைத்துப் பாருங்கள். அடியில் ஒரு நூல், அதாவது 3 மி.மீ. இடைவெளி வேண்டும். அதற்கு லாமினேட் (மைக்கா) துண்டுகள் மூன்றை அடுக்கிக் கொடுத்தால் சரியாக இருக்கும். பட்டை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் துடைப்பத் தண்ணீரைத் தினமும் குடிக்கும்.

6. வேலை மேசையில் வைத்துப் பட்டையில் 4.5 மி.மீ. துளைகள் இடுங்கள். முனையிலிருந்து 60 மி.மீ. தள்ளி முதல் துளை, பிறகு 450 மி.மீ.க்கு ஒன்று. அடியில் கழிவுப் பலகை வைத்தால் முதுகு பிய்யாது. 100 மி.மீ. உயரப் பட்டைக்கு நடுவில் ஒரு வரிசை, 150க்கு மேல் என்றால் இரண்டு வரிசை. ஸ்க்ரூ தலை 2 மி.மீ. உள்ளே போகும் அளவுக்குக் கவுண்டர்சிங்க் போடுங்கள்.

7. பட்டையை இடத்தில் வைத்து, துளை வழியாக ஆணியால் சுவரில் குறியிட்டு, எடுத்துவிட்டு 6 மி.மீ. பிட்டால் 45 மி.மீ. ஆழம் துளையுங்கள். தூளை ஊதி எடுங்கள். பிளக்கைச் சுத்தியலால் தட்டி, பூச்சைத் தாண்டி செங்கல்லுக்குள் இருக்கும்படி இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். 2 இன்ச் ஸ்க்ரூவில் 10 மி.மீ. பட்டையில் போகும், 15 பூச்சில் போகும், மீதி 25தான் செங்கல்லைப் பிடிக்கும். பிளக் பூச்சிலேயே நின்றுவிட்டால் ஸ்க்ரூவோடு அதுவும் சேர்ந்து சுற்றும். ஏ.ஏ.சி. எனப்படும் எடை குறைந்த பிளாக் சுவருக்கு அந்தச் சுவருக்கென்றே விற்கும் நைலான் பிளக் வாங்குங்கள்.

8. முதுகில் பசையைப் பாம்புக் கோடாகப் போட்டு, பட்டையை அழுத்தி, நடுவிலிருந்து முனைகளை நோக்கி ஸ்க்ரூ முடுக்குங்கள். கடைசி இரண்டு சுற்று கையால். சுவர் குழிந்திருக்கும் இடத்தில் டிரில்லால் விட்டு முடுக்கினால் பட்டையும் குழிந்து, மேல் விளிம்பு அலை அலையாகத் தெரியும். அங்கே பின்னால் லாமினேட் துண்டு சொருகி, பட்டையை நேராக நிறுத்துங்கள்.

9. 24 மணி நேரம் அதைத் தொடாதீர்கள்.

அடி இடைவெளியைச் சிலிக்கானால் அடைக்கலாம். மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே அக்ரிலிக் சீலன்ட்தான் வேண்டும், ஏனென்றால் சிலிக்கான் மேல் பெயிண்ட் நிற்காது.

மூலைகள்

நம் வீடுகளில் சுவர் மூலை அபூர்வமாகத்தான் சரியாக 90 பாகை இருக்கும். பூச்சு வேலையில் ஒன்றிரண்டு பாகை கூடும், குறையும். முதலில் இரண்டு கழிவுத் துண்டுகளை 45 பாகையில் வெட்டி மூலையில் வைத்துப் பாருங்கள். வெளிமூலையில் முன்னால் வாய் திறந்தால் கோணத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், பின்னால் திறந்தால் குறையுங்கள். சரியான துண்டைத் தூக்கி எறியாமல் அந்த மூலையின் பெயர் எழுதி வையுங்கள்.

உள்மூலையில் சதுர முகப் பட்டை என்றால் 45 வெட்டவே தேவையில்லை. ஒன்றைச் சுவர்வரை ஓடவிட்டு, மற்றதை அதில் முட்ட வையுங்கள். வெளிமூலைக்கு 45 தவிர வேறு வழியில்லை. வெட்டிய முகம் பசையை உறிஞ்சி மூட்டைக் காயப்போட்டுவிடும் என்பதால், முதலில் வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தேய்த்து ஐந்து நிமிடம் விட்டு, அதன்மேல் இரண்டாவது முறை தடவிச் சேர்க்க வேண்டும். பிறகு இருபுறமிருந்தும் ஒவ்வொரு 23 கேஜ் பின். இங்கே பெரிய ஆணி அடித்தால் கூர்மையான முனை பிளந்துவிடும்.

நீளச் சுவரில் இரண்டு பட்டையைச் சேர்க்கும்போது நேராக முட்டவைக்காமல், இரண்டையும் 45 பாகைச் சாய்வில் வெட்டி ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஒட்டுங்கள். பின்னாளில் சுருங்கினாலும் கோடு திறந்து தெரியாது.

ஆணி அடிக்கும் விதம்: கதவு நிலைச் சுற்று

ஆர்கிட்ரேவ் வேலையில்தான் ஆணி முழுமையாகப் பயன்படுகிறது, கற்றுக்கொள்ளவும் இதுவே நல்ல இடம். பட்டையின் உள்விளிம்பு நிலையின் மரத்தில் படும், வெளிவிளிம்பு சுவரில் படும். உள்பக்கத்துக்கு வெள்ளைப் பசையும் ஆணியும், வெளிப்பக்கத்துக்குக் கன்ஸ்ட்ரக்ஷன் பசை மட்டும். நிலைக்கு வார்னிஷோ எனாமலோ அடித்திருந்தால் வெள்ளைப் பசை ஒட்டாது, பட்டை உட்காரும் அகலத்துக்கு மரம் தெரியச் சுரண்டிவிடுங்கள்.

நிலையின் உள்முனையிலிருந்து 5 மி.மீ. தள்ளிச் சுற்றிலும் பென்சில் கோடு போடுங்கள். பட்டையை அந்தக் கோட்டில் வைக்க வேண்டும். முனையோடு முனை சமமாக வைக்க ஆசைப்பட்டால், நிலையின் சின்ன வளைவுகூடக் கண்ணில் படும், கீலும் இடிக்கும்.

கையால் அடிப்பதானால் துளையிட்ட பிறகே அடியுங்கள். ஒன்றரை மி.மீ. ஆணிக்கு 1.2 மி.மீ. பிட். பட்டை முழுவதும் துளைத்து, நிலையின் மரத்துக்குள்ளும் ஆணி நீளத்தில் பாதிவரை போகட்டும். பழைய தேக்கு, வேங்கை நிலைகள் நன்றாகக் காய்ந்து இறுகியிருக்கும். அங்கே துளையில்லாமல் அடித்தால் ஆணிதான் மடங்கும். 1.2 பிட் கைவசம் இல்லையென்றால், அதே ஆணி ஒன்றின் முனையை வெட்டி டிரில்லில் மாட்டித் துளைக்கலாம், வேலை நடக்கும்.

பட்டையின் நீள விளிம்பிலிருந்து 12 முதல் 15 மி.மீ. உள்ளேயும், முனையிலிருந்து 50 மி.மீ. தள்ளியும் ஆணி விழட்டும். பிறகு 250 முதல் 300 மி.மீ.க்கு ஒன்று. அடுத்தடுத்த ஆணிகளை நேராக அடிக்காமல், ஒன்றை மேல்நோக்கியும் அடுத்ததைக் கீழ்நோக்கியும் பத்துப் பதினைந்து பாகை சாய்த்து அடித்தால், பட்டையை இழுத்தாலும் ஆணிகள் ஒன்றுக்கொன்று எதிராகப் பூட்டிக்கொள்ளும். தலை முகத்துக்கு மேல் 2 மி.மீ. இருக்கும்போதே சுத்தியலை நிறுத்துங்கள். மீதியைப் பஞ்ச் வைத்து, முகத்துக்குக் கீழே ஒன்றரை மி.மீ. வரை இறக்குங்கள். எம்.டி.எஃப்.பில் சுத்தியல் பட்ட வட்டம் போகாது. மரத்தில் ஈரத்துணி வைத்து எழுப்பும் தந்திரம் இங்கே பலகையை உப்பவைத்துவிடும்.

நெயில் கன் என்றால் துளை வேண்டாம், காற்றழுத்தம்தான் விஷயம். கழிவுத் துண்டில் 60 பி.எஸ்.ஐ.யில் தொடங்குங்கள். ஆணி முகத்துக்கு மேல் நின்றால் ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். 70க்கும் 90க்கும் இடையில் பெரும்பாலும் சரியாக உட்காரும். குழி ஆழமாகி ஓரம் சிதறினால் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். கன்னின் மூக்கைப் பட்டைமேல் நன்றாக அழுத்திப் பிடித்தால் மேடு எழும்புவது குறையும்.

கன்னைப் பட்டையின் நீளவாக்கில் பிடிக்காமல் குறுக்கே பிடியுங்கள். அப்போது ஆணி வளைந்தாலும் பட்டையின் நீளத்துக்குள்ளேயே ஓடும், பக்கவாட்டில் வெளியே வராது. இன்னொரு கை ஆணியின் நீளத்தைப்போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். 50 மி.மீ. ஆணி ஒரு முடிச்சில் பட்டால் வளைந்து திரும்பி வந்து விரலில் ஏறும். சிக்கிய ஆணியை எடுக்கும் முன் காற்றுக் குழாயைக் கழற்றுங்கள், இதில் விதிவிலக்கு கிடையாது.

சுவர் மோல்டிங்கும் அலமாரி விளிம்பும்

சுவரில் ஒட்டும் 25 முதல் 40 மி.மீ. மோல்டிங் எடை குறைந்தது. சுரண்டிய சுவரில் பசை போட்டு ஒட்டி, இரண்டு அடிக்கு ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பால் இழுத்துப் பிடித்து ஒரு நாள் விட்டால் போதும். ஆணி அடிக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

ப்ளைவுட் தட்டின் விளிம்பில் பீடிங் அடிக்கும்போது வெள்ளைப் பசையும் 25 முதல் 30 மி.மீ. எஃப் ஆணியும், 200 மி.மீ.க்கு ஒன்று. ஆனால் தட்டே எம்.டி.எஃப். என்றால் அதன் விளிம்பில் ஆணி இறக்குவது வீண்வேலை. பசையும் கிளாம்பும்தான் அங்கே. விளிம்பில் ஸ்க்ரூ போட்டே ஆக வேண்டுமென்றால் பலகை 18 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. துளை, ஸ்க்ரூ நீளத்தைவிட 2 மி.மீ. ஆழமாக, மூலையிலிருந்து 70 மி.மீ.யாவது தள்ளி. மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாகத் தண்டு உள்ள பார்டிகிள் போர்டு ஸ்க்ரூ நல்லது. கூம்பு வடிவ மர ஸ்க்ரூ ஆப்பு இறங்குவதுபோல விளிம்பைப் பிளந்துவிடும்.

மேடும் குழியும் மறைய

ஆணியைச் சுற்றி எழும்பிய மேட்டை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் நார் எழுந்து பஞ்சுபோல நிற்கும், மேடும் முழுக்கப் போகாது. கூர்மையான உளியைப் படுக்கவைத்து, மேட்டை மட்டும் சீவி எடுங்கள். பிறகு குழியின் ஓரத்தைக் கவுண்டர்சிங்க் பிட்டைக் கையால் திருப்பி லேசாகச் சரித்துவிட்டால் பட்டி பிடித்து நிற்கும்.

பட்டிக்கு ஹார்ட்னர் கலக்கும் கார் பட்டி சிறந்தது. சுருங்காது, அரை மணியில் தேய்க்கலாம். தண்ணீர் கலந்த சுவர்ப் பட்டியைப் பிரைமர் அடிக்காத எம்.டி.எஃப். மேல் வைத்தால் குழியின் ஓரம் உப்பி, காய்ந்தபின் பட்டி உள்வாங்கும். குழியைவிடக் கொஞ்சம் தூக்கலாகப் பூசி, 180ஆம் நம்பர் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேய்த்து, 220இல் முடியுங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் பட்டி இருக்கும் இடம் பள்ளமாகும்.

முதல் பிரைமர் ஆயில் வகையாக இருக்கட்டும். தண்ணீர் பிரைமர் நாரை எழுப்பும், ஆணித் தலையைத் துருப்பிடிக்கவைத்துப் பெயிண்டில் புள்ளியும் போடும். ஒரு கோட் காய்ந்ததும் 220இல் மென்மையாகத் தேய்த்துவிட்டு இரண்டாவது கோட் அடித்தால், அதன்மேல் எந்தப் பெயிண்டும் உட்காரும்.

கோளாறு வந்தால்

ஆணி பக்கவாட்டில் எட்டிப்பார்த்தால் சுத்தியலால் திருப்பி அடிக்காதீர்கள். வெளியே வந்த முனையைக் கட்டிங் பிளேயரால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி முறித்து, மீதியைப் பஞ்சால் உள்ளே தட்டி மூடிவிடுங்கள். மரத்தில் இறங்காமல் தலை உயர்ந்து நிற்கும் ஆணியையும் இப்படியே முறித்துவிட்டு, 30 மி.மீ. தள்ளி வேறொன்று அடியுங்கள்.

முனை பிளந்தால் பிளவுக்குள் வெள்ளைப் பசையைப் பட்டித் தகட்டால் ஏற்றி, இருபுறமும் பாலிதீன் தாள் வைத்து கிளாம்பில் நெருக்கி ஒரு இரவு விடுங்கள். அந்த இடத்தில் மறுபடி ஆணி வேண்டாம்.

ஸ்க்ரூ முடுக்க முடுக்கச் சுற்றிக்கொண்டே இருந்தால் பிளக் பூச்சில் நிற்கிறது, அல்லது துளை பெரிதாகிவிட்டது. பிளக்கை எடுத்துவிட்டு 8 மி.மீ. துளை, 8 மி.மீ. பிளக், 10 நம்பர் இரண்டரை இன்ச் ஸ்க்ரூவுக்கு மாறுங்கள். பட்டையின் துளையையும் 5 மி.மீ. ஆக்க மறக்காதீர்கள்.

அடித்த பட்டையைக் கழற்ற வேண்டி வந்தால், முதலில் சுவரும் பட்டையும் சேரும் கோட்டைக் கத்தியால் அறுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சுவர்ப் பெயிண்ட் தோலாக உரிந்து வரும். ஸ்க்ரூ தலைகள்மேல் உள்ள பட்டியைத் தோண்டி அவற்றை எடுத்தபின், அகலமான பட்டித் தகட்டை உள்ளே நுழைத்து, அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு ப்ளைவுட் துண்டை வைத்து நெம்புங்கள். பட்டையில் தங்கிய ஆணிகளை முகப்பக்கம் தட்டி எடுத்தால் ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோலைப் பெயர்த்துக்கொண்டு வரும். குறடால் முதுகுப்பக்கம் பிடித்து உருவினால் ஹெட்லெஸ் ஆணியின் சின்னத் தலை உள்ளேயே வழுக்கி வந்துவிடும், முகத்தில் பழைய பட்டி அப்படியே இருக்கும்.